வடிவு டீச்சர் காரின் நிழல்

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் விடிந்தபோது செக்கடித் தெருவில் வடிவு டீச்சரின் காரைக் காணவில்லை, ஆனால் காரின் நிழல் மட்டும் போகாமல், தினமும் கார் நிற்கிற அதே இடத்தில், மின்கம்பத்தை ஒட்டி, சக்கரமும் பக்கக் கண்ணாடியும் கூரைமேல் வைத்த பள்ளிப் பலகையும் முன்னால் கட்டின ரெண்டு வாழைக்கன்றும் துல்லியமாகத் தெரிய, மேற்கே நீண்டு கிடந்தது. பால் ஊற்ற வந்த சுப்பையா சைக்கிளை வளைத்து அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார். காரைச் சுற்றிப் போகிறோம் என்றே நினைத்தாராம். தெருநாய் எப்போதும் போல வந்து அதற்குள் சுருண்டு படுத்தது. வாசல் தெளிக்க வந்த டீச்சர்தான் முதலில் நிமிர்ந்து பார்த்து, நிழலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது நிற்கவில்லை என்று கண்டாள். கையிலிருந்த வாளியை அப்படியே ரோட்டில் விட்டெறிந்தாள். தண்ணீர் நிழல்மேல் ஓடி, நிழல் நனைந்தது, ஆனால் நகரவில்லை.

அந்தக் கார் சாதாரணக் கார் இல்லை, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இருபத்தேழு வருசத்துப் பழைய மாருதி, வெள்ளை நிறம் மோர் நிறமாகிப் போனது, டீச்சர் உட்காருகிற இடதுபக்கத்தில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்தது. 'வடிவு மகளிர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' என்றால் அந்தக் காரும் அவளும்தான். வேறு கட்டடமும் இல்லை, ஆபீசும் இல்லை. பதினோரு வருசத்தில் அந்த ஊரில் நாற்பத்து மூன்று பெண்பிள்ளைகள் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் வண்டி ஓட்டப் படித்தார்கள். அதில் ஒருத்தி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள், ஒருத்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், ஒருத்தி புருசனைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டிக் கூட்டி வந்தாள். டீச்சருக்குச் சோறு போட்டது அது. புருசன் செத்த வருசம், இனி யார் வீட்டு வாசலில் போய் நிற்பாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன ஒரே பதிலும் அதுதான்.

பழைய கார் என்றால் திருடனுக்குத் திறந்த வீடு. சாவி தேய்ந்து, துவாரமும் தேய்ந்து, பீரோ சாவியைப் போட்டாலே கதவு திறக்கும். தையல்காரி தங்கபுஷ்பம் ஒரு தடவை மிஷின் டிராயர் சாவியைப் போட்டுத் திறந்து காட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. புதுக் கார்க்காரனுக்குச் சாவிக்குள்ளேயே மூளை இருக்கு, பழைய கார்க்காரிக்கு மூளைதான் சாவி என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து சாயங்காலமானால் ஸ்டியரிங்கில் குறுக்காக ஒரு இரும்புக் கம்பிப் பூட்டு, முன்சக்கரத்தை மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டுகிற சங்கிலி, சங்கிலிக்குக் கைமுட்டி அளவு ஒரு பூட்டு, அதற்கும் மேலே பானட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற சின்ன ரோட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பாள். அது இல்லாமல் எவன் வந்து என்ன முறுக்கினாலும் இஞ்சின் இருமத்தான் செய்யும், பேசாது. பெற்ற பிள்ளையைக்கூட ஒருத்தி இப்படிக் காவல் காத்திருக்க மாட்டாள்.

அப்புறம் எப்படிப் போனது என்று கேட்டால், பக்தியால் போனது. செக்கடித் தெருவில் ஆயுத பூஜையை வீட்டுக்கு வீடு கொண்டாடுகிற வழக்கம் கிடையாது. தெரு முக்கில் பந்தல் போட்டு, பிள்ளையார் முன்னால் தெருவிலுள்ள அத்தனை ஆயுதத்தையும் குவித்து வைப்பார்கள்: அரிவாள், கத்திரி, தராசு, ஸ்பானர், தோசைக்கரண்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காம்பஸ் டப்பா வரைக்கும். பொட்டு வைத்தால் வைத்ததுதான், மறுநாள் காலை மறுபூசை ஆகிற வரைக்கும் எதையும் தொடக்கூடாது, தொட்டால் அந்த ஆயுதம் அவன் கையையே வெட்டும் என்று நம்பிக்கை. வீட்டுப் பூட்டுகளையும் வைத்துவிடுவார்கள். அன்று ஒரு ராத்திரி தெரு முழுக்கப் பூட்டில்லாமல் தூங்கும். நாற்பது வருசமாக ஒரு செம்பு காணாமல் போனதில்லை. அதில் ஒரு திமிரும் உண்டு.

இந்த வருசம் தட்டோடு வந்து நின்றவர் விழாக் கமிட்டித் தலைவர். தெருவில் எல்லாரும் அவரைத் தலைவர் என்றுதான் சொல்வார்கள். குழாய் இணைப்பு, முதியோர் பென்சன், பள்ளிக்கூடத்தில் சீட்டு, எதுவானாலும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் வரும், சொல்லாவிட்டால் வராது. டீச்சர் அரிவாள்மணையையும் ஸ்பானர் செட்டையும் தட்டில் வைத்தாள்.

"சங்கிலியும் பூட்டும் எங்க டீச்சர்?" என்றார் தலைவர்.

"அது வேண்டாம் தலைவரே. வண்டி ரோட்டுலல்லா நிக்கி."

"பூட்டும் ஆயுதந்தானம்மா. வருசம் பூராவும் உங்களுக்கு முழிச்சிக்கிட்டு நிக்கி. ஒரு நாள் உக்காரட்டும். நான்தான் பந்தல்ல காவல் படுக்கேன், பிள்ளையாருக்கு மேல ஒரு காவலா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஆமாமென்று தலையாட்டினார்கள். சாமிக்கே வஞ்சகம் பண்ணுகிறாளே என்று ஒருத்தி முணுமுணுத்தாள். டீச்சருக்கு ரோசம் வந்துவிட்டது. சங்கிலி, கம்பி, பூட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள். வைக்கிறதுதான் வைக்கிறோம், முழுசாக வைப்போம் என்று அரிசி டின்னுக்குள் கையை விட்டு ரோட்டரையும் எடுத்து, அதற்கென்று தனியாக ஒரு சந்தனப் பொட்டும் வைத்து, சின்ன எவர்சில்வர் தட்டில் வைத்தாள். மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சங்கிலி இருந்தது, கம்பி இருந்தது, பூட்டு இருந்தது. எவர்சில்வர் தட்டு காலியாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தெருவுக்கு வந்து நிழலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதன் பானட் இருக்க வேண்டிய இடத்தில் பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்தார்.

"நிழல் இங்கன கிடக்கும்போது வண்டி காணோம்னு நான் எப்படிம்மா எழுத? நாளைக்கு மேலிடத்துல கேட்டா, எதோட நிழல்னு கேப்பாவளே. இருக்க வண்டிக்குத்தான நிழல் இருக்கும்."

"சாமி முன்னால வச்சிருந்த சாமானைக் காணோம், அதையாவது எழுதுங்க."

"சாமி முன்னால வச்சதுக்குச் சாமிதானே பொறுப்பு," என்று சொல்லி அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நம்ம ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஆச்சரியப்பட அரை நாள் போதும், அடுத்த அரை நாளில் அதற்குள் கட்டிலைப் போட்டுவிடுவார்கள். செக்கடித் தெருவில் மரமே கிடையாது, சிமெண்ட் ரோடு போட்ட வருசம் எல்லாவற்றையும் வெட்டியாயிற்று. ஒரு கார் அளவு நிழல், நடுவில் காரே இல்லாமல், சும்மா கிடக்கிறது என்றால் விடுவார்களா. முதல் நாள் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள், ரெண்டாம் நாள் கேட்காமல் உட்கார்ந்தார்கள், மூன்றாம் நாள் டீச்சர் வந்து நின்றால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். காலையில் மேற்குப் பக்கமும் சாயங்காலம் கிழக்குப் பக்கமும் அது நகர்கிறபடியே பெஞ்சை நகர்த்திப் போட்டு டீக்கடை சுடலைமுத்து வியாபாரம் பார்த்தார், பெண்கள் கீரை ஆய்ந்தார்கள், கிழவர்கள் டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் தலைவைத்துத் தூங்கினார்கள், யாரோ ஒரு புண்ணியவதி முன்சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். கார் இருந்ததைவிட இப்போதுதான் தெருவுக்கு உபயோகம் என்று ஒருத்தன் சொன்னதும் டீச்சர் காதில் விழுந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு நிழலுக்குள் ஒரு தலை வந்தது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால், சன்னல் வழியாக வெயில் போகிற இடத்தில், பக்கவாட்டில், ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற நிழல். ஏறின நெற்றி, கழுகு மூக்கு, மூக்கு நுனியில் சரிந்த கண்ணாடி, வெற்றிலை மெல்லும்போது மேலே தூக்கிக்கொள்கிற நாடி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். சுடலைமுத்து டீயை ஆற்றாமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மூக்கை அந்தத் தெருவில் தெரியாதவர்கள் பால்குடிப் பிள்ளைகள் மட்டும்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பித் தலைவர் வீட்டு வாசலைப் பார்த்தார்கள்; அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து கீரையைப் பார்த்தார்கள். மத்தியானம் தலைவர் நாற்காலிக்கு வந்தார். நிழலுக்குள் தலை இல்லை.

தலைவர் எதற்காகத் தன் காரில் கை வைத்தார் என்று டீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. தலைவரின் மருமகள் முத்தரசி போன சித்திரையில் இருபத்தோரு நாளில் வண்டி படித்தாள். டீச்சரிடம் படித்த நாற்பத்து மூன்றாவது ஆள் அவள். இருபத்திரண்டாம் நாள் விடியற்காலையில், முதுகில் பெல்ட் தடம் ஆறுமுன்னே, புருசன் காரையே எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தூத்துக்குடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரை மட்டும் ஆள் வைத்துத் திருப்பி அனுப்பினாள். அன்றைக்குத் தலைவர் டீச்சரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை டீச்சர் மறக்கவில்லை, ஆனால் அதற்கு இதுதான் அர்த்தம் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அவள் வீடு வீடாகப் போனாள். முதலில் தங்கபுஷ்பத்திடம்.

"ஏளா, நிழல்ல இருந்த தலை யாரு தலை?"

"ஊசி கோத்துக் கோத்துக் கண்ணு மங்கிப் போச்சுல்லா டீச்சர். தலைன்னு தெரிஞ்சுது, யாருன்னு தெரியல்ல."

"கண்ணு மங்கினவதான் நேத்து என் ரவிக்கையில ஒரு நூலு பிரிஞ்சிருக்குன்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னியோ?"

தங்கபுஷ்பம் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சீட்டு வாங்கித் தந்தது தலைவர். சுடலைமுத்துவைக் கேட்டால், கடை வாசல் படியை ரோட்டில் இறக்கிக் கட்டியிருக்கிறேன், தலைவர் புண்ணியத்தில் இடிக்காமல் இருக்கிறது, என்னை எதற்கு இழுக்கிறீர்கள் என்றார். சுப்பையா, நான் பாலைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்றார். தன் கையால் கியர் மாற்றப் பழக்கின பிள்ளைகளே, டீச்சர் டீச்சர் என்று வாய் நிறையக் கூப்பிட்ட பிள்ளைகளே, கதவை ஒருச்சாய்த்துவிட்டு உள்ளே நின்று பேசினார்கள். டீச்சருக்குத் தலைவர்மேல் வந்த கோபம் ஒரு பங்கு என்றால் இவர்கள்மேல் வந்தது ஒன்பது பங்கு. திருடன் ஒரு தடவைதான் திருடுகிறான். பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் தினமும் காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு வந்து திருடுகிறார்கள்.

கடைசியில் தலைவரிடமே போய் நின்றாள். அவர் எழுந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிழலைச் சாவு வீட்டில் பிணத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க டீச்சர். நிழல் இருக்குல்லா, வண்டி எங்க போயிரும்."

"நிழலுக்குள்ள ஒரு தலை வருதே, அது யாருது?"

தலைவர் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். "நிழல்ல எல்லாத் தலையும் ஒண்ணு போலத்தானம்மா இருக்கும்," என்றார். வெற்றிலையை மென்றுகொண்டு நாடியைத் தூக்கினார். பக்கத்தில் நின்ற ஏழெட்டுப் பேரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நிழல் தேய ஆரம்பித்தது. அஞ்சாம் நாள் வாழைக்கன்றுகள் போயின. ஆறாம் நாள் பள்ளிப் பலகை போனது. ஏழாம் நாள் பக்கக் கண்ணாடிகளும், எட்டாம் நாள் பின்சீட்டும் போக, கூரைக்கடியில் வெயில் நேராக உள்ளே விழுந்து மறுபக்கம் வந்தது. இன்றைக்கு எது போகும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், தொடர் நாடகம் பார்க்கிறவர்கள் மாதிரி. டீச்சர் தினமும் விடிந்ததிலிருந்து வெளிச்சம் போகிற வரை வாசல்படியில் உட்கார்ந்து நிழலையே பார்த்தாள். கழற்றுகிறவன் ஒரு நாளைக்கு ஒன்றுதான் கழற்றுகிறான், ஆள் வைக்கவில்லை, தன் கையாலேயே செய்கிறான், வெளியே தெரியக்கூடாதென்று பார்க்கிறான். அப்படியானால் கடைசியாக மிச்சத்தை ஒரு நாள் ஓட்டித்தான் கொண்டுபோவான். ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் காயலான்கடை இருக்கிறது. அங்கே போனால் மாலைக்குள் தகரமும் இரும்புமாகப் பிரித்துவிடுவார்கள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு நிழலுக்குள் தலை வந்தது, நிழல் லேசாக நடுங்கியது. இஞ்சின் ஓடுகிறது என்று டீச்சருக்குத் தெரிந்தது. அவள் ஓடினாள். கீரைக்காரிகளைத் தள்ளிவிட்டு, சுடலைமுத்துவின் பெஞ்சைக் காலால் உதைத்து ஒதுக்கிவிட்டு, நிழலில் இடதுபக்க சீட் எங்கே விழுந்திருந்ததோ அந்த இடத்தில் சிமெண்ட் ரோட்டில் உட்கார்ந்து, பதினோரு வருசமாகக் கால் போகிற இடத்துக்கே காலை நீட்டி, அழுத்தினாள். பாதத்துக்கடியில் இரும்பு தட்டியது. நிழலுக்குள் இருந்த தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. நடுக்கம் நின்றது.

கால் மணி நேரத்தில் தங்கபுஷ்பத்துக்குப் போன் வந்தது. அவள் தம்பி ஆற்றுப்பாலத்தில் இளநீர் விற்கிறவன். பாலத்தை ஒட்டின தோப்புக்குள்ளிருந்து வந்த பழைய வெள்ளைக் கார் ஒன்று பாலத்து நடுவில் நிற்கிறது, எட்டுப் பேர் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை, ரெண்டு பக்கமும் பஸ் நிற்கிறது, உள்ளே இருக்கிறது உங்கள் தெரு ஆள் மாதிரி இருக்கிறதே என்று அவன் கத்தினது சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது. தங்கபுஷ்பம் போனை அணைத்துவிட்டு, சிக்னல் சரியில்லை என்றாள்.

"கேட்டீங்கல்லா," என்றாள் டீச்சர். "நான் காலை எடுத்தா பாலத்தைத் தாண்டிருவான். தாண்டினா என் வண்டி தகரம். யாராவது ஒருத்தர் போயி அந்தச் சாவியைப் புடுங்கிட்டு வாங்க. நான் இங்கன அமுக்கிட்டு இருக்கேன்."

ஒருத்தரும் அசையவில்லை. ஒருத்தனுக்கு வயிறு சரியில்லை, ஒருத்திக்கு விருந்தாள் வருகிறார்கள், சுப்பையாவின் சைக்கிளில் காற்றில்லை. ஒன்றும் சொல்லத் தோன்றாதவர்கள் பாவமென்று உச்சுக் கொட்டினார்கள். ஒரு பெண்பிள்ளை இரக்கப்பட்டுக் குடையை விரித்துக்கொண்டு டீச்சர் தலைக்குமேல் பிடிக்க வந்தாள்.

"குடையை மடக்குளா மூதேவி," என்று டீச்சர் போட்ட சத்தத்தில் நாய் எழுந்து ஓடியது. "வெயில மறைச்சா நிழலு போயிரும், நிழலு போனா பிரேக்கு போயிரும். எனக்கு நிழல் தர வந்துட்டாளுக. பத்து நாளா என் வண்டி நிழல்ல உக்காந்து கதை பேசினீங்களே, ஒருத்தியாவது அந்த மூக்கைப் பத்திப் பேசினீங்களா? கீரை ஆய்ஞ்சீங்களே, அந்தக் கீரை உங்களுக்குச் செமிச்சுதா?"

சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கியது, அவள் பிருட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து அதோடு நகர்ந்தாள். உச்சிப்பொழுதில் நிழல் மடித்த வேட்டி அகலத்துக்கு வந்தபோது ஒரு பாதம் மட்டும் உள்ளே இருக்கும்படி ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு தடவை மேகம் வந்தது. தெருவே மேலே பார்த்தது. மேகம் கடந்துபோகிற நேரத்தில் பாலத்தில் கார் இருபது அடி ஓடினதாக இளநீர்க்காரன் மறுபடி போன் பண்ணினான். சேலை கிழிந்து, தொடை வெந்து, கால் மரத்து, டீச்சர் அழுதாள். அழுகிறோமே என்று இன்னும் ஆத்திரம் வந்து இன்னும் அழுத்தினாள். சுடலைமுத்து வைத்த டீயைக் கையால் தட்டிவிட்டாள்.

ரெண்டு மணி இருக்கும். தலைவர் வீட்டு மச்சுப்படியில் அவர் மனைவி உலகம்மை இறங்கி வந்தாள். அறுபது வயசு, குள்ளமான உருவம், கோயிலுக்குப் போகவும் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறவள். கூட்டத்துக்குள் வந்து நின்று நிழலுக்குள் இருந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாலத்துக்கு எந்த பஸ்சு போவும்?" என்று சுடலைமுத்துவிடம் கேட்டாள்.

சுடலைமுத்து நம்பரைச் சொன்னார்.

"நீங்க போயி என்னம்மா செய்வீங்க," என்றாள் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு. "வண்டியைத் தள்ளிட்டா வருவீங்க?"

"பதினோரு வருசமா மேல நின்னு கேட்டுட்டுத்தானே இருக்கேன். நீங்க என்னைக்கு மெதுவாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டு உலகம்மை பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் கூடப் போகவும் இல்லை.

மூன்றரை மணிக்கு, நிழல் கிழக்கே விழ ஆரம்பித்த பிறகு, ஸ்டியரிங் பக்கத்துச் சன்னலுக்கு வெளியே இன்னொரு நிழல் வந்து நின்றது. கொண்டை போட்ட சின்னத் தலை. அது என்ன பேசியது என்று யாருக்கும் தெரியாது, நிழலுக்குச் சத்தமில்லை. ரொம்ப நேரம் நின்றது. தூக்கியிருந்த நாடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கதவு திறந்தது, பெரிய தலை வெளியே போனது, கொண்டைத் தலை உள்ளே ஏறி உட்கார்ந்து, கால் எட்டாமல் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டது.

டீச்சர் நிழலைப் பார்த்துக் கத்தினாள், வகுப்பில் கத்துகிற அதே கத்தல். "கிளட்ச்சை முழுசா அமுக்குங்க. முழுசான்னா முழுசா. முதல் கியர். பயந்தா காலு ஆடும், ஆடட்டும். இப்ப நான் காலை எடுக்கேன்." மரத்துப்போன காலைத் தன் ரெண்டு கையாலும் தூக்கி எடுத்தாள். நிழல் குலுங்கி, ஒரு தடவை நின்று, மறுபடி குலுங்கி, நிதானமாக நடுங்க ஆரம்பித்தது. கொண்டை நேராக நின்றது.

பாலத்திலிருந்து தெருவுக்கு இருபது கிலோமீட்டர். ரெண்டாம் கியரிலேயே வந்தாள் உலகம்மை. அவள் வருவதற்குள் தலைவர் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு முன்னால் வந்து இறங்கிவிட்டார். இறங்கினவர் ஒளியவில்லை, கடையில் ஒரு தேங்காயும் சூடமும் வாங்கிக்கொண்டு, தெரு முக்கில் போய் நின்று, பிள்ளையார் கைவிட மாட்டாரென்று நான் சொல்லவில்லையா என்று எல்லாரையும் கூட்டினார். எல்லாரும் கூடினார்கள். வெயில் இன்னும் ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கும்போதே கார் முக்கில் திரும்பி, பின்சீட்டும் கண்ணாடியும் பலகையும் இல்லாமல், தன் நிழல் கிடந்த இடத்துக்கு வந்து நின்று, ரெண்டும் ஒன்றானது. தங்கபுஷ்பம் குலவை போட்டாள். டீச்சர் இன்னும் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்க முடியவில்லை. குலவைச் சத்தம் கேட்டபோது அவளுக்கு அவர்கள் எல்லாரையும் அறைய வேண்டும் போல இருந்தது.

பாலத்தில் பஸ் நின்ற விவகாரம் ஸ்டேஷன் வரைக்கும் போய், ஏட்டையா நோட்டோடு வந்திருந்தார்.

"வண்டிதான் வந்துட்டே, ரொம்ப சந்தோசம். டிராபிக் நின்னதுக்கு மட்டும் எழுதணும்," என்றார். "வண்டியை எடுத்துட்டுப் போனது அடையாளம் தெரியாத நபர். அப்படித்தானே?"

"கேளுங்க," என்றாள் டீச்சர். "ஒவ்வொருத்தரா நிறுத்திக் கேளுங்க. பத்து நாளாப் பாத்தவங்க இவங்க."

ஏட்டையா கேட்டார். சுடலைமுத்து, ஆவி பறக்கிற இடத்தில் நிற்கிறவன் நான், என்ன தெரியும் என்றார். சுப்பையா தலையைச் சொறிந்தார். தங்கபுஷ்பம் தரையைப் பார்த்தாள். தலைவர் தேங்காயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "ஏட்டையா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

உலகம்மை காரைவிட்டு இறங்கவில்லை. ரெண்டு கையும் ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தது. கல்யாணமாகி நாற்பத்தோரு வருசத்தில் அவள் புருசன் பேரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பாள், பக்கத்தில் நிற்கிறவள் சொல்லுவாள்.

"கோமதிநாயகம்," என்றாள் உலகம்மை.

ஏட்டையா காதில் விழாதவர் மாதிரி நோட்டைப் புரட்டினார். தேங்காய் தலைவர் கையிலேயே இருந்தது.

"கோமதிநாயகம். பதினாலாம் நம்பர் வீடு. என் புருசன்," என்றாள் மறுபடியும், இந்தத் தடவை தெரு முனை வரைக்கும் கேட்கும்படி.

டீச்சர் ரோட்டில் கையை ஊன்றித் திரும்பித் தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "கோமதிநாயகம்தான்," என்றாள்.

அந்தப் பேர் மூன்றாவது தடவை காதில் விழுந்தபிறகுதான் ஏட்டையா அதை எழுதினார்.